ஆதிகங்கைக் கரையில் ஓர் அறக்கேள்வி

பகீரதன் கங்கையைப் பூமிக்குக் கொணர்ந்த வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. கபில முனிவரின் கோபத் தீயில் சாம்பலாகிய சகரனின் அறுபதாயிரம் புதல்வர்கள் நற்கதி அடையும்பொருட்டே அவள் விண்ணிலிருந்து இறங்கினாள். இக்கதையில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. கங்கை தவசீலர்களைத் தேடி வரவில்லை. தவறிழைத்து, வெந்து, போக்கிடமின்றிக் கிடந்தவர்களை நோக்கியே வந்தாள். இமயத்தின் தூய குளிர்ச்சியில் தங்கிவிடாமல், சேறும் உப்பும் கலந்த கடற்கரைவரை நடந்து, அங்கே அந்தச் சாம்பலைத் தொட்ட பிறகே அவளது பயணம் நிறைவுற்றது. அவ்விடமே கங்காசாகரம்.

அந்தக் கங்காசாகரத்திற்குச் சென்ற பழைய நீர்வழி இன்றைய கொல்கத்தாவின் தென்பகுதி ஊடாகச் சென்றது. வங்க மக்கள் அதனை 'ஆதிகங்கை' என்று அழைக்கிறார்கள். இன்று நாம் காணும் ஹூக்ளி நதியின் கீழ்ப்பகுதி பிற்காலத்தில் பெருகியது என்றும், காளிகாட், கடியா, பாருய்பூர் வழியாக ஓடியதே உண்மையான கங்கை என்றும் மரபு கூறுகிறது. காளிகாட் காளி கோயில் இதன் கரையிலேயே உள்ளது. 1510-ஆம் ஆண்டு ஸ்ரீ சைதன்யர் புரிக்குச் சென்றபோது இந்நதியின் கரையோரமாகவே சத்திரபோக் வரை சென்றார். நதியின் போக்கு ஹூக்ளிக்கு மாறிய பிறகும், பழைய பக்தர்களுக்குக் காளிகாட்டின் நீரே கங்கை நீர். கேவடாதலா மயானத்தில் எரிந்தவர்களின் அஸ்தி இன்றும் அந்நீரிலேயே கரைக்கப்படுகிறது.

ஆனால் அந்நீர் இப்போது எப்படி இருக்கிறது? 1770-களில் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேய அதிகாரி, தூர்ந்துபோன இந்த ஆற்றை ஹேஸ்டிங்ஸ் முதல் கடியா வரை வெட்டி ஆழப்படுத்தி, கிழக்கே வித்யாதரி நதியுடன் இணைத்தார். படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமையும் பெற்றார். அவர் பெயரால் டாலிகஞ்ச் என்ற பகுதி உண்டாயிற்று; ஆதிகங்கைக்கு 'டாலி நாலா' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. கங்கை என்ற பெயர் நாலாவாக, அதாவது சாக்கடையாக, ஆன கதை இதுதான். பெயர் மாறியபோது மனிதர்களின் நடத்தையும் உடன் மாறியதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தாயின் முகத்தில் குப்பையைக் கொட்டத் தயங்குகிற கை, சாக்கடையில் கொட்டத் தயங்குவதில்லை.

இந்நீரின் நோய் இரண்டு வகைப்பட்டது. முதலாவது, மேலிருந்து வரும் நீரோட்டம் இதற்கு இல்லை. ஹூக்ளியில் கடலேற்றம் வரும்போது நீர் வண்டலைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. வற்றும்போது அந்த வண்டலை அடித்துச் செல்லும் விசை இல்லாததால் அது அடியில் தங்கிவிடுகிறது. தூர் வாரினாலும் சில ஆண்டுகளில் மீண்டும் மேடிடுகிறது. ஏற்றம் மிகும் நாட்களில் காளிகாட், சேத்லா தெருக்களில் நீர் புகுவதும் இதனால்தான். இரண்டாவது, நகரின் கழிவுநீர் பல வடிகால்கள் வழியாக இதில் வந்து விழுகிறது. பல இடங்களில் மீன் வாழத் தேவையான உயிர்வளி இந்நீரில் இல்லாமலேயே போய்விட்டது.

நதியை மீட்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. மீட்பதற்கான முதற்படியாக எப்போதும் முன்வைக்கப்படுவது எது என்பதில்தான் நமது கேள்வி தொடங்குகிறது. அது கரையில் குடியிருப்பவர்களை அகற்றுவது.

யார் ஆக்கிரமிப்பாளர்?

1998 ஏப்ரலில் கல்கத்தா உயர்நீதிமன்றம், ஹேஸ்டிங்ஸ் முதல் கடியா வரை 15.5 கி.மீ. தொலைவில் உள்ள ஆக்கிரமிப்புகளை ஒரு மாதத்திற்குள் அகற்றும்படி உத்தரவிட்டது. 2001-இல் கரையோரக் குடிசைகள் பெருமளவில் இடிக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் இருப்பிடம் இழந்தனர். பின்னர் வெளியான கணக்கு ஒன்று, இந்நதியின்மீது 7,851 சட்டவிரோதக் கட்டுமானங்கள் இருப்பதாகக் கூறியது. அவற்றுள் கோயில்கள் மட்டும் 90. கிடங்குகளும் மாட்டுத் தொழுவங்களும் தனி.

இங்கு வசிப்பவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பலருடைய குடும்பங்கள் 1947-க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவை. டாலிகஞ்ச், ஜாதவ்பூர், கடியா பகுதிகளில் அகதிகள் தாங்களே நிலத்தைத் திருத்தி எழுப்பிய குடியிருப்புகள் ஏராளம். அவற்றுள் பல பின்னர் அரசின் அங்கீகாரம் பெற்றுக் கௌரவமான நகர்ப்பகுதிகளாகிவிட்டன. அப்படி நிலம் கிடைக்காதவர்களும், பின்னர் சுந்தரவனத்திலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களும் ஆற்றுச் சரிவில் தங்கினர். அருகிலுள்ள வீடுகளில் பாத்திரம் துலக்குபவர்கள், ரிக்‌ஷா இழுப்பவர்கள், காளிகாட்டில் பூ விற்பவர்கள் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். நகரத்திற்கு இவர்களது உழைப்பு வேண்டும். இவர்களது இருப்பு வேண்டாம்.

கடியாவுக்குத் தெற்கே சென்றால் வேறொரு காட்சி. அங்கே ஆதிகங்கையின் படுகை தொடர்ச்சியான ஆறாக இல்லை. துண்டு துண்டான குளங்களாக இருக்கிறது. அக்குளங்களுக்கு மக்கள் வழங்கும் பெயர்கள் 'கோஷர் கங்கா', 'கரேர் கங்கா', 'போஸேர் கங்கா' என்பவை. அதாவது கோஷ் குடும்பத்தின் கங்கை, கர் குடும்பத்தின் கங்கை, போஸ் குடும்பத்தின் கங்கை! பகீரதன் மூவுலகிற்காகவும் கொணர்ந்தவள் குடும்பப் பெயர்களுக்குள் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறாள். அக்குளத்து நீரும் கங்கை நீராகவே போற்றப்படுகிறது என்பது ஒருபுறம் நெகிழ்ச்சியளிக்கிறது. மறுபுறம், அக்குடும்பங்களை எவரும் ஆக்கிரமிப்பாளர்கள் என்று அழைப்பதில்லை.

மூன்றாவது காட்சி இன்னும் வெளிப்படையானது. டாலிகஞ்சிலிருந்து கடியா வரை மெட்ரோ ரயில்பாதை நீட்டிக்கப்பட்டபோது, அதனைத் தாங்குவதற்காக ஆற்றின் படுகையிலேயே ஏறத்தாழ 300 தூண்கள் நடப்பட்டன. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். நீதிமன்றத்தில் அவர்களது வாதம் வெற்றி பெறவில்லை. 2009-இல் ரயில் ஓடத் தொடங்கிற்று. அவ்வழியிலுள்ள நிலையங்களுக்கு நேதாஜி, மாஸ்டர்தா சூர்ய சென், கீதாஞ்சலி, கவி நஸ்ருல் என்று உயர்ந்த பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. எந்த நதியின்மேல் அவை நிற்கின்றனவோ அதன் பெயர் மட்டும் எதற்கும் இல்லை. மெட்ரோவால் லட்சக்கணக்கானோர் பயனடைகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓர் ஓலைக் கூரையால் தடைப்படும் நீரோட்டம் கான்கிரீட் தூணால் தடைப்படாதா என்ற கேள்விக்கு விடை கூறியாக வேண்டும்.

ஆக, ஒரே செயலுக்கு மூன்று பெயர்கள். ஏழை செய்தால் ஆக்கிரமிப்பு, பரம்பரைக் குடும்பம் செய்தால் உடைமை, அரசு செய்தால் வளர்ச்சி. அறவியலில் முதல் விதி, ஒரே தன்மையுடைய செயல்களை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது. அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறினால் அங்கே அறம் பேசப்படவில்லை. வலிமை அறத்தின் மொழியைப் பேசுகிறது.

இரு கடன்கள்

இவ்வாறு கூறும்போது உடனே ஓர் எதிர்வாதம் எழும். 'மற்றவர்கள் தவறு செய்தார்கள் என்பதால் குடிசைவாசிகளின் தவறு சரியாகிவிடுமா? அவர்களது கழிவும் நதியில்தானே விழுகிறது? நதி பொதுச்சொத்து அல்லவா? சில ஆயிரம் பேர் இடம் மாறினால் பல லட்சம் பேருக்கு நன்மை என்றால், அதைச் செய்வதுதானே முறை?'

இவ்வாதத்தை அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. மாட்டுத் தொழுவங்களின் சாணமும் கரையோரக் கழிவும் நதியைக் கெடுப்பது உண்மை. வறுமை ஒருவரைப் புனிதராக்கிவிடாது. ஏழையைக் குற்றமற்ற தெய்வமாகச் சித்திரிப்பதும் அவனை மனிதனாக மதிக்காததன் மற்றொரு வடிவமே. ஆனால் 'பலரது நன்மை' என்ற கணக்கில் ஒரு நுட்பமான பிழை இருக்கிறது. ஒருவர் தமது பிற்கால நன்மைக்காகத் தமது இன்றைய சுகத்தை விட்டுக்கொடுப்பது தியாகம். இங்கே இழப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். கரை சீரானதும் அங்கே பூங்காவும் நடைபாதையும் அமையும். அடுத்த தெருவில் வீட்டு விலை உயரும். அங்கிருந்து அகற்றப்பட்டவர் அப்பூங்காவில் நடக்க வருவதில்லை. பிறரது இழப்பை நமது தியாகம் என்று கணக்கெழுதுவது எந்த தர்ம சாஸ்திரத்திற்கும் உடன்பாடன்று.

நமது மரபு ஒவ்வோர் இல்லறத்தானுக்கும் ஐந்து மகா யக்ஞங்களை விதித்தது. அவற்றுள் ஒன்று பூத யக்ஞம். பறவை, விலங்கு, எறும்பு உட்பட எல்லா உயிர்களுக்கும் அவற்றின் பங்கைக் கொடுப்பது அது. நதியைப் பேணுவதும் இதன் விரிவே என்று கொள்ளலாம். மற்றொன்று மனுஷ்ய யக்ஞம். வாசலில் வந்து நிற்கும் மனிதனை ஏற்று உபசரிப்பது அது. இவ்விரண்டும் தனித்தனிக் கடன்கள். எறும்புக்கு அரிசி இட்டுவிட்டேன் என்பதால் பசித்த விருந்தினனை அனுப்பிவிடலாம் என்று எந்த ஆசானும் கூறவில்லை. விருந்தினனுக்குச் சோறிட்டதால் காகத்தின் பங்கை மறந்துவிடலாம் என்றும் கூறவில்லை. ஒரு கடனை மறுகடனில் கழித்துக்கொள்ள முடியாது. நதிக்குச் செலுத்த வேண்டியதைக் குடிசைவாசியின் கையிலிருந்து பறித்துச் செலுத்தும்போது நாம் செய்வது யக்ஞமன்று. கடன் நம்முடையது, ஆகவே அதை நம்முடைய பொருளிலிருந்தே கட்ட வேண்டும்.

மேலைநாட்டில் ஆல்டோ லியோபோல்ட் என்ற அறிஞரின் புத்தகம் 1949-இல் வெளிவந்தது. மண், நீர், செடி, விலங்கு ஆகியவற்றையும் நமது சமூகத்தின் உறுப்பினராக ஏற்க வேண்டும் என்ற கருத்தை அவர் அதில் வலியுறுத்தினார். அவர் வெறும் ஏட்டறிஞர் அல்லர். விஸ்கான்சின் மாநிலத்தில் பாழ்பட்ட பண்ணை ஒன்றை வாங்கித் தமது குடும்பத்துடன் மரம் நட்டு மீட்டுக் காட்டியவர். அவரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் அவர் மீட்ட நிலம் ஆளில்லாமல் கைவிடப்பட்ட நிலம். எவரையும் வெளியேற்ற வேண்டிய நிலை அவருக்கு நேரவில்லை. ஆகவே அவரது அறம் நமது கேள்வியைச் சந்திக்கவே இல்லை. மக்கள் நெருக்கமாக வாழும் நாட்டில், மனிதர்களற்ற இயற்கையே தூய இயற்கை என்ற எண்ணம் ஏழைகளின் வாழ்வைப் பறிப்பதில் முடியும் என்று ராமச்சந்திர குஹா 1989-இல் எழுதிய கட்டுரை இக்குறையைச் சுட்டிக்காட்டியது.

தமிழ்நாட்டு அன்பர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. அடையாற்றின் முகத்துவாரத்தில் குப்பைமேடாகக் கிடந்த உப்பங்கழி மீட்கப்பட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டதை நாம் மகிழ்ச்சியோடு நினைக்கிறோம். 2015 வெள்ளத்திற்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்ட குடும்பங்களை அதே அளவில் நினைக்கிறோமா? வெள்ள அபாயத்திலிருந்து அவர்கள் காக்கப்பட்டது நன்மையே. ஆனால் பணியிடமும் பிள்ளைகளின் பள்ளியும் நகரின் மறுகோடியில் இருக்க, அடுக்குமாடியில் வீடு மட்டும் கிடைத்தால் அதனை வாழ்வு என்று கூற இயலாது.

வித்யாதரி கற்பித்த பாடம்

கரையில் மனிதர் இருந்தால் நீர் கெடும் என்பதை ஒரு பொதுவிதிபோல் நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இவ்விதி உண்மையா? கொல்கத்தாவிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது.

டாலி தமது கால்வாயைக் கொண்டுபோய் இணைத்த வித்யாதரி நதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்டலால் தூர்ந்துகொண்டே வந்து, 1928-இல் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கடலேற்றம் நின்றதால் கிழக்கே இருந்த உப்பு ஏரிகள் உயிரிழந்தன. அங்கு வாழ்ந்த மீனவர்கள் 1930 வாக்கில், நகரிலிருந்து வரும் கழிவுநீரையே அந்த ஏரிகளில் விட்டு மீன் வளர்க்கக் கற்றார்கள். 'பேரி' எனப்படும் ஆழமற்ற குளத்தில் கழிவுநீரைப் பரப்பி வெயிலில் நிறுத்துகிறார்கள். நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பாசி வளர்ந்து உயிர்வளியைத் தருகிறது. பாசியை மீன் உண்கிறது. எவ்வளவு நீரை எப்போது விடவேண்டும் என்பதை நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அறிகிறார்கள். கரையில் ஆகாயத்தாமரையை வளர்த்து அலையிலிருந்து மண்ணைக் காக்கிறார்கள். நகரம் செலவின்றித் தன் கழிவைத் தூய்மை செய்துகொள்கிறது. மீனும் காய்கறியும் திரும்ப அதன் சந்தைக்கே வருகின்றன.

இந்த அமைப்பின் அருமையை உலகிற்கு எடுத்துரைத்தவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். நகரின் கழிவுநீர் எங்கே போகிறது என்று ஆராயப் புறப்பட்ட அவர், மீனவர்களைத் தமது ஆசிரியர்களாக ஏற்றார். 2018-இல் மறையும்வரை அவர்களுக்காகவே பேசினார். 1992-இல் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி அளித்த தீர்ப்பு, அந்நிலத்தில் வணிக மையம் எழுவதைத் தடுத்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்பளவுள்ள அந்த ஈரநிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் அதற்கெனத் தனிச்சட்டமும் வந்தது. வடக்கே உள்ள விதான்நகர் மட்டும் அதற்கு முன்பே, 1960-களில், ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து ஏரியை மேடாக்கிக் கட்டப்பட்டுவிட்டது.

அங்கும் எல்லாம் நலமாக இல்லை. சில பேரிகள் கூட்டுறவுச் சங்கங்களிடமும் பல தனியாரிடமும் உள்ளன. மண்ணைக் கொட்டி மனையாக்கும் ஆசை ஓயவில்லை. ஆயினும் ஓர் உண்மை தெளிவாகிறது. அங்கே நீர் பிழைத்திருப்பது மனிதர் அகன்றதால் அன்று. அந்நீரை நம்பிப் பிழைக்கும் மனிதர் அங்கே இருப்பதால். ஆதிகங்கையின் கரைவாசிக்கும் பேரியின் மீனவருக்கும் குணத்தில் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவருக்கு நீர் பிழைப்பைத் தருகிறது. மற்றவருக்குத் தலைசாய்க்க ஒரு சரிவை மட்டுமே தருகிறது. நாளை இடிக்கப்படலாம் என்ற வீட்டில் வாழ்பவர் நாளைய நீரைப் பற்றி எப்படிச் சிந்திப்பார்?

நதியின் சேவாயத் யார்?

2017 மார்ச் மாதம் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கை, யமுனை ஆகிய நதிகளைச் சட்டபூர்வமான நபர்கள் என்று அறிவித்தது; அரசு அதிகாரிகளை அவற்றின் காப்பாளர்களாக்கியது. சில மாதங்களில் உச்சநீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. அதே மார்ச்சில் நியூஸிலாந்து நாடாளுமன்றமும் வாங்கனூயி நதிக்கு இத்தகுதியை அளித்தது. அங்கே காப்பாளர் இருவர்: ஒருவர் அரசின் சார்பில், மற்றவர் அந்நதியோடு வாழும் மாவோரி மக்களின் சார்பில். இரு தீர்வுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகப் பெரிது.

நமக்கு இது புதிய சிந்தனையன்று. கோயிலில் எழுந்தருளியிருக்கும் தெய்வம் நமது சட்டத்தில் ஒரு நபர். அதன் சார்பில் கடமையாற்றுபவரை வங்காளத்தில் 'சேவாயத்' என்பார்கள். அவர் உடைமையாளர் அல்லர், பணி செய்பவர். ஆயினும் அப்பணியிலிருந்து அவரைக் காரணமின்றி விலக்கவும் முடியாது. இது குறித்து 1925-இல் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற புகழ்பெற்ற வழக்கு கொல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தினுடையது. முறைவைத்துப் பூஜை செய்துவந்த உறவினர்களுக்குள், தெய்வத்தைத் தமது இல்லத்திற்கு எடுத்துச் செல்லலாமா என்று பிணக்கு. தெய்வத்தின் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதன் சார்பில் பற்றற்ற ஒருவரை நியமிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அத்துடன், வழிபாட்டில் பங்குகொள்ளும் அக்குடும்பப் பெண்களையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. இந்தக் கடைசி வரி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அதிகாரம் இல்லாவிட்டாலும், விளைவு எவரைத் தொடுமோ அவரது குரல் சபையில் ஒலிக்க வேண்டும்.

இந்த நெறியை ஆதிகங்கைக்குப் பொருத்திப் பாருங்கள். நதியின் சார்பில் பேச ஒருவர் வேண்டும். அவர் அதனால் லாபம் பெறாதவராக இருக்க வேண்டும். கரையில் வாழும் பெண்ணும் அச்சபையில் அமர வேண்டும். எந்த ஏற்றத்தில் எவ்வளவு நீர் ஏறுகிறது, எந்த வடிகாலிலிருந்து எப்போது எந்த நிறத்தில் கழிவு வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். இடம் மாறியே ஆக வேண்டும் என்று அந்தச் சபை கருதினால், அவள் வேலை செய்யும் தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் மாற்றிடம் முதலில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இடிப்பது அதன் பின்னரே. கொல்கத்தாவின் கால்வாய்க் கரைகளிலிருந்து சிலர் நோனாடாங்காவுக்கு மாற்றப்பட்டபோது வீடு கிடைத்தது, பிழைப்பு பின்தங்கிவிட்டது.

2023-இல் தூய கங்கைக்கான தேசிய இயக்கம் ஆதிகங்கையின் மீட்புக்கென 653.67 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. நாளொன்றுக்கு 10, 11.6, 3.5 மில்லியன் லிட்டர் திறனுடைய மூன்று கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அத்திட்டத்தில் உள்ளன. குடிசையை இடிப்பதில் தொடங்காமல் வடிகாலைத் தடுப்பதில் தொடங்குவது சரியான வரிசை என்றே கருதுகிறேன்; ஏனெனில் மாளிகையின் கழிவும் குடிசையின் கழிவும் ஒரே நிலையத்திற்குச் செல்லும்போதுதான் அளவுகோல் ஒன்றாகிறது. ஆனால் குழாய் பதிக்கவும் தூர் வாரும் இயந்திரங்கள் இறங்கவும் கரையில் இடம் தேவைப்படும். அந்த இடத்தை யாரிடம் கேட்பார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கரையின் சரிவில் தங்கியிருப்பவர்களிடம் கேட்பது எளிது. கடியாவுக்குத் தெற்கே கோஷர் கங்காவின் உரிமையாளரிடமும் அதே கேள்வி அதே குரலில் கேட்கப்படுமா?